வயிற்றின் மேல் ஒரு கை: உள்ளுறுப்பு ஆஸ்டியோபதி என்றால் என்ன?

சித்தி மகள் பாரிஸில் இருக்கிறாள். போன வருஷம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. ஆறு வாரம் ஆனதும் தினமும் சாயங்காலம் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழ ஆரம்பித்துவிடும், இரவு பத்து மணி வரைக்கும் ஓயாது. ஒருநாள் போன் செய்து, "அக்கா, பாப்பாவை ஆஸ்டியோபாத்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வயித்து மேல ரெண்டு விரலை வச்சுக்கிட்டு இருபது நிமிஷம் சும்மா இருந்தார். அவ்வளவுதான், எண்ணெய்கூடத் தொடல" என்றாள். பிரான்ஸில் இது சர்வ சாதாரணம், பிறந்த குழந்தையை அங்கே கொண்டுபோய்க் காட்டாத வீடு குறைவு என்றும் சொன்னாள். பாண்டிச்சேரியில் இருக்கும் சித்தி இதைக் கேட்டுவிட்டு, "குடல் தட்டுறதுக்கு அங்க படிச்சுட்டு வர்றாங்களா?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அப்புறம் இதைப் பற்றித் தேடிப் படிக்கப் படிக்க, சித்தியின் கேள்வி அப்படி ஒன்றும் அசட்டுத்தனமானது இல்லை என்று புரிந்தது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எலும்பு, மூட்டு, தசை இவற்றைக் கையால் அழுத்தியும் இழுத்தும் அசைத்தும் செய்யும் வைத்தியம் ஆஸ்டியோபதி. அதே கையை வயிற்றின் மேல் வைத்து, கல்லீரல், இரைப்பை, குடல், சிறுநீரகம், கருப்பை போன்ற உறுப்புகளையும் அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் சவ்வுகளையும் அசைத்துத் தளர்த்தப் பார்ப்பது உள்ளுறுப்பு ஆஸ்டியோபதி. ஆங்கிலத்தில் விசரல் மேனிபுலேஷன் என்பார்கள். இதற்குள் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. உள்ளுறுப்புகள் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கின்றன என்பது ஒன்று. அந்த அசைவு எங்கே தடைபட்டிருக்கிறது என்பதை விரலால் உணர முடியும், உணர்ந்து சரிசெய்தால் நோய் குறையும் என்பது இன்னொன்று. முதலாவது சந்தேகத்துக்கே இடமில்லாத உண்மை. அதன் முதுகில் ஏறிக்கொண்டுதான் இரண்டாவது வருகிறது, கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே விழுங்கிவிடுகிறார்கள்.

முதலாவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மஞ்சள் காமாலை என்று போனால் டாக்டர் படுக்க வைத்து, வலது விலா எலும்புக்குக் கீழே விரலைக் கொடுத்து, "மூச்சை நல்லா இழுங்க" என்பார். ஏன் இழுக்கச் சொல்கிறார்? உதரவிதானம் ஒரு குடை மாதிரி நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிறது. மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்கும், அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒன்றரைக் கிலோ கல்லீரலும் கூடவே இறங்கி டாக்டரின் விரலில் வந்து முட்டும். விலாவுக்குள் ஒளிந்திருக்கும் கல்லீரலை வெளியே வரவழைக்கும் தந்திரம் அது, அவ்வளவுதான். மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான்.

சிறுநீரகமும் இறங்கி ஏறும். சாதாரண மூச்சில் ஓரிரு சென்டிமீட்டர், ஆழமாக இழுத்தால் அதைவிடக் கூடுதல். ஆஸ்டியோபதிக்காரர்களுக்கு இதில் ஒரு பிடித்தமான கணக்கு உண்டு: ஒரு மூச்சுக்கு 3 சென்டிமீட்டர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 மூச்சு, ஆகச் சிறுநீரகம் தினமும் 600 மீட்டர் நடக்கிறது. 3 சென்டிமீட்டர் என்பது கொஞ்சம் தாராளம்தான், ஆனாலும் கணக்கின் போக்கு தப்பில்லை. இந்த அசைவு மிகவும் தொல்லையாக இருப்பது புற்றுநோய்க்குக் கதிரியக்கம் கொடுப்பவர்களுக்கு. கல்லீரலில் ஒரு கட்டி இருந்தால் அது மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும், கதிரை எங்கே குறிவைப்பது? அதனால்தான் மூச்சைப் பிடிக்கச் சொல்வது, மூச்சின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும் கதிரைப் பாய்ச்சுவது என்றெல்லாம் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு அசைவு இருந்தும் உறுப்புகள் ஒன்றோடொன்று உரசிப் புண்ணாகாமல் இருப்பது எப்படி? பெரிட்டோனியம் என்ற மெல்லிய வழவழப்பான சவ்வு வயிற்றின் உள்சுவரையும் உறுப்புகளையும் போர்த்தியிருக்கிறது, நடுவே துளியூண்டு திரவம். எண்ணெய் தடவிய இரண்டு பாலித்தீன் தாள்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தேய்த்தால் எப்படி வழுக்கும், அப்படி. அது போதாதென்று ஒவ்வோர் உறுப்பையும் ஏதாவது ஒரு தசைநாரோ சவ்வு மடிப்போ பிடித்துக்கொண்டிருக்கிறது. இவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது மெசென்டரி. சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். அது முதுகுப்பக்கச் சுவரோடு சேர்ந்திருக்கும் அடிவாரமோ வெறும் 15 சென்டிமீட்டர்தான், இடது மேல்பக்கத்திலிருந்து வலது இடுப்பெலும்பு முதுகெலும்பின் அடியோடு சேரும் இடத்தை நோக்கிச் சாய்வாக இறங்கும். 15 சென்டிமீட்டர் இடுப்புப் பட்டியில் கொசுவம் வைத்து விரித்த 6 மீட்டர் பாவாடை என்று நினைத்துக்கொள்ளுங்கள், கொசுவத் துணிதான் மெசென்டரி, பாவாடையின் கீழ் ஓரம்தான் குடல். ரத்தக் குழாய், நரம்பு, நிணநீர் எல்லாம் அந்தத் துணிக்குள்தான் ஓடுகின்றன. துண்டு துண்டாக இருப்பது என்று பல காலம் பாடப்புத்தகங்கள் சொல்லி வந்த இது, உண்மையில் தொடர்ச்சியான ஒரே அமைப்பு, தனி உறுப்பாகவே கருதலாம் என்று அயர்லாந்தின் லிமெரிக்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கால்வின் காஃபி 2016-ல் வாதிட்டது அப்போது பெரிய செய்தியானது.

இந்த வழுக்கல் கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உள்ளே எங்காவது ஒட்டு விழும், அதாவது காயம் ஆறும்போது நார் போல ஒரு திசு வளர்ந்து குடலைச் சுவரோடோ இன்னொரு குடலோடோ பிணைத்துவிடும். பலருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு வலி, சிலருக்குக் குடல் அடைப்பே வரும். இதெல்லாம் எந்த அறுவை மருத்துவரும் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

இதிலிருந்து ஆஸ்டியோபதி எடுத்துவைக்கும் அடுத்த அடியைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், 1828-ல் பிறந்தவர். 1864-ல் மூளைக்காய்ச்சலில் தன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். அன்றைய மருந்துகள் என்றால் பாதரசமும் அபினும் சாராயமும்தான், அவற்றின் மேல் அவருக்கு நம்பிக்கை போனதில் ஆச்சரியமில்லை. 1874-ல் தன் முறையை அறிவித்தார், 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் பள்ளி தொடங்கினார். உடலின் கட்டமைப்பு சரியாக இருந்தால் ரத்தம் தடையில்லாமல் ஓடும், ரத்தம் ஓடினால் உடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்பது அவர் கொள்கையின் சாரம். அவர் வழிவந்தவர்கள் வயிற்றுக்கும் சில உத்திகளை வைத்திருந்தார்கள் என்றாலும், இன்று நாம் பேசும் உள்ளுறுப்பு முறைக்குத் தனி இலக்கணம் எழுதியவர் பிரான்ஸின் கிரனோபிளைச் சேர்ந்த ஜான் பியர் பரால். பிசியோதெரபிஸ்டாக இருந்து ஆஸ்டியோபாத் ஆனவர், நுரையீரல் நோய் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அங்கே இறந்த நோயாளிகளின் உடல்களை அறுத்துப் பார்க்கும்போது உள்ளே விழுந்திருந்த ஒட்டுகளைக் கவனித்து, இந்த இறுக்கம் முதுகெலும்பையும் இழுத்திருக்குமோ என்று யோசித்தார்.

அவருக்கு இந்தப் பக்கம் கவனம் திரும்பியதற்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது, எனக்கு அதுதான் சுவாரஸ்யம். அவரிடம் முதுகுவலிக்கு வந்துகொண்டிருந்த ஒரு நோயாளிக்குத் திடீரென்று வலி குறைந்துவிட்டது. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், ஒரு கிழவர் வயிற்றில் எதையோ பிடித்துத் தள்ளினார், சரியாகிவிட்டது என்றாராம். ஆக, மாடர்ன் மேசையும் பயிற்சிச் சான்றிதழும் உள்ள இந்த முறையின் வேரிலேயே வயிறு தடவுகிற ஒரு நாட்டுக் கிழவர் உட்கார்ந்திருக்கிறார். சித்தி கேட்டதும் இதைத்தானே? நம் ஊர்களில் குழந்தை வாந்தி எடுத்தால் "தூக்கிப் போட்டு விளையாடினீங்களா, குடல் ஏறியிருக்கும்" என்று சொல்லிக் குடல் தட்டுபவரிடம் கொண்டுபோவார்கள். மெக்சிகோவில் சாப்பாடு உள்ளே ஒட்டிக்கொண்டது என்று வயிறு நீவுகிற பாட்டிமார் இருக்கிறார்கள். உள்ளே ஏதோ இடம் மாறிவிட்டது, கையால் திருப்பி வைக்கலாம் என்ற எண்ணம் உலகத்துக்கே பொது போலிருக்கிறது.

பரால் என்ன சொல்கிறார் என்றால், உறுப்புக்கு இரண்டு வகை அசைவு உண்டு. மூச்சாலும் நடப்பதாலும் குனிவதாலும் வருவது ஒன்று, அதைத்தான் மேலே பார்த்தோம். இரண்டாவது, உறுப்பு தானாகவே செய்கிற நுண்ணிய அசைவு, நிமிடத்துக்கு 7, 8 முறை, கருவில் அந்த உறுப்பு வளர்ந்து இடம்பெயர்ந்த பாதையை ஞாபகம் வைத்துக்கொண்டு அதே திசையில் முன்னும் பின்னும் போய்வருவது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் குடலின் அலையசைவையும் மூச்சையும் நாடித்துடிப்பையும் கருவியால் அளப்பது போல இதை யாரும் நம்பகமாக அளந்து காட்டவில்லை. முதலாவது அசைவு உடற்கூறு, இரண்டாவது கொள்கை.

செய்முறைக்கு வருவோம், ஏனென்றால் அங்கே போனால் என்னதான் நடக்கும் என்பதுதான் பலரும் கேட்பது. முதல் கட்டத்துக்குப் பெயரே "கேட்பது". உங்களை நிற்க வைத்துத் தலை மேல் லேசாக ஒரு கையை வைப்பார். உடல் எங்கே இறுகியிருக்கிறதோ அதை அணைத்துக்கொள்வது மாதிரி அந்தப் பக்கம் சாயும் என்பது அவர்கள் நம்பிக்கை, வயிறு வலிக்கிறவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவதன் மிக மெல்லிய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு படுக்க வைத்து வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து, கை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்ப்பார்.

அடுத்து உத்திகள். கல்லீரலுக்கு உங்களை உட்கார வைத்து, முன்பக்கம் கூன் போடச் சொல்வார், அப்போதுதான் வயிற்றுத் தசை தளரும். பின்னால் நின்று வலது விலாவுக்கு அடியில் விரல்களைக் கொடுத்து, கல்லீரலை மேலே தூக்குவது போலத் தாங்கிப் பிடித்துச் சட்டென்று விடுவார். பெருங்குடலின் கடைசி வளைவு என்றால் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, இடது இடுப்பெலும்புக்கு உள்பக்கமாக விரலை மெல்ல இறக்கி, வலது தோளை நோக்கி நகர்த்துவார். மெசென்டரியைப் பக்கவாட்டிலிருந்து அள்ளுவது மாதிரி பிடித்து அதன் அடிவாரத்தை நோக்கித் தூக்கி, தசை இளகுகிற வரைக்கும் அப்படியே வைத்திருப்பார். சிறுநீரகம் முதுகுப்புறத் தசையின் மேல் கொழுப்புக்குள் சாய்ந்து கிடப்பதால், வயிற்றின் முன்பக்கமிருந்து ஆழமாக விரலை வைத்துக்கொண்டு, காலை மெதுவாக நீட்டச் சொல்வார், தசை நகர நகரச் சிறுநீரகமும் நகரும் என்ற கணக்கு. இறுகிய திசையிலேயே தள்ளிக்கொண்டு போய் விடுவதும் உண்டு, எதிர்த்திசையில் இழுப்பதும் உண்டு. சொடக்கு எடுப்பது போன்ற சத்தமெல்லாம் வராது. பல பேர் பாதியில் தூங்கிவிடுகிறார்கள்.

அமெரிக்க ஆஸ்டியோபாத்களிடம் வேறு சில பழைய உத்திகளும் இருக்கின்றன. நெஞ்சை லயமாக அழுத்தி நிணநீர் ஓட்டத்தைக் கூட்டப் பார்க்கும் "பம்ப்" முறையை 1926-ல் மில்லர் என்பவர் எழுதினார். கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும்கூட அதே போல உண்டு. ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும்: அமெரிக்காவில் ஆஸ்டியோபதி பட்டம் வாங்கியவர் முழு டாக்டர், மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம். பிரான்ஸிலும் பிரிட்டனிலும் அப்படி இல்லை, அங்கே ஆஸ்டியோபாத் என்பவர் கைவைத்தியம் படித்தவர். பிரிட்டன் 1993-ல் தனிச் சட்டம் போட்டது, பிரான்ஸ் 2002-ல் அந்தப் பட்டத்தை அங்கீகரித்தது. 2007-ல் வந்த பிரெஞ்சு ஆணை, ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தையின் தலை, முகம், முதுகெலும்பில் கை வைக்க வேண்டுமானால் டாக்டர் பார்த்து "தடையில்லை" என்று சான்று தர வேண்டும் என்கிறது. இந்தியாவில் இதற்கென்று தனி மருத்துவக் கவுன்சில் இல்லை, பிசியோதெரபி படித்தவர்கள் கூடுதல் பயிற்சி எடுத்துக்கொண்டு செய்வதுதான் அதிகம். எனவே பெயர்ப் பலகையில் உள்ள ஒரே சொல் நாட்டுக்கு நாடு வேறு அர்த்தம் தரும்.

உறுப்பில் இறுக்கம் என்றால் முதுகு ஏன் வலிக்க வேண்டும்? இதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தில் பாதி நல்ல மருத்துவம். பித்தப்பையில் கல் இருப்பவருக்கு வலது தோள்பட்டை வலிக்கும். மாரடைப்பில் இடது கை வலிக்கும். சிறுநீரகக் கல் இடுப்பிலிருந்து தொடை இடுக்கு வரைக்கும் இழுக்கும். உறுப்பிலிருந்து வரும் நரம்பும் தோலிலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தின் ஒரே மட்டத்தில் போய்ச் சேர்வதால் மூளை வலியின் விலாசத்தைத் தவறாகப் படிக்கிறது. இது பாடப்புத்தகத்தில் உள்ளது. அதே வயரில் எதிர்ப்பக்கமாகவும் போகலாம், உறுப்பைத் தளர்த்தினால் முதுகு தளரும் என்பது மீதிப் பாதி, அது நிரூபித்துக் காட்ட வேண்டியது.

காட்டினார்களா? இரண்டு கேள்விகளாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரே நோயாளியை இரண்டு ஆஸ்டியோபாத்கள் தனித்தனியே தொட்டுப் பார்த்தால், இறுக்கம் இருக்கும் இடத்தில் இருவரும் ஒத்துப்போகிறார்களா என்பது முதல் கேள்வி. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒருவர் கல்லீரல் என்றும் மற்றவர் பெருங்குடல் என்றும் சொன்னால், கை "கேட்பது" நோயாளியின் உடம்பையா, தன் மனசையா? குணம் கிடைக்கிறதா என்பது இரண்டாவது. பிரான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர் குழு ஒன்று அதுவரை வெளியான ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் அலசியபோது, கண்டுபிடிப்பது நம்பகமானது என்பதற்கும் சரி, சிகிச்சை பலன் தருகிறது என்பதற்கும் சரி, நல்ல தரமான ஆதாரம் கிடைக்கவில்லை என்ற முடிவுக்கே வந்தது. இந்த முறை பிறந்து வளர்ந்த நாட்டிலிருந்தே இது வந்தது என்பதைக் கவனியுங்கள்.

எல்லாமே வெறுங்கை என்றும் சொல்லிவிட முடியாது. 2012-ல் எலிகளை வைத்து அமெரிக்காவில் போவ், ஷப்பெல் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். வயிற்றில் அறுவை செய்த எலிகளுக்கு உடனடியாகக் குடலை மெல்ல அசைத்துக் கொடுத்தால் ஒட்டு விழுவது குறைந்தது, சில ஒட்டுகள் விடுபட்டதாகவும் தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு குடல் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்குமா என்ற கோணத்திலும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எலியின் வயிற்றுச் சுவர் எவ்வளவு மெல்லியது, நம்முடையது எவ்வளவு, பல வருஷம் முற்றிப்போன ஒட்டு எங்கே, நேற்று விழுந்த ஒட்டு எங்கே? மனிதர்களில் ஆஸ்திரேலியாவில் 64 முதுகுவலிக்காரர்களை இரு பிரிவாகப் பிரித்து, எல்லோருக்கும் வழக்கமான பிசியோதெரபி கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக இந்த உள்ளுறுப்பு உத்தியும் மற்றதற்கு அது போன்ற பாவனையும் செய்தார்கள். ஆறு வாரத்தில் வலியில் வித்தியாசம் இல்லை. ஒரு வருஷம் கழித்து உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி கொஞ்சம் குறைவாக இருந்தது. இதை இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். மலச்சிக்கலுக்கு வயிற்றைப் பெருங்குடலின் போக்கில் நீவி விடுவது சிலருக்கு உதவுகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அது சாதாரண மசாஜ், அதற்கு எந்தக் கொள்கையும் தேவையில்லை.

ஒரு மணி நேரம் யாரோ ஒருவர் நம் பேச்சைக் கேட்டு, வெதுவெதுப்பான கையை வயிற்றில் வைத்து, மெதுவாக மூச்சு விடச் சொன்னால் பாதி வலி குறையத்தான் செய்யும். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஓ.பி-யில் மூன்று நிமிஷம்கூடக் கிடைக்காது. அது கல்லீரல் நகர்ந்ததால் வந்த பலன் என்று மட்டும் சொல்லாமல் இருந்தால் போதும்.

இனி பயப்பட வேண்டிய இடம். நல்ல ஆஸ்டியோபாத் முதலில் யாரைத் தொடக்கூடாது என்று பார்ப்பார். காய்ச்சலோடு வயிற்றுவலி, கல் மாதிரி இறுகிய வயிறு, மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத எடைக்குறைவு, புதிதாக ஆபரேஷன் ஆன வயிறு, பெருந்தமனி வீக்கம், புற்றுநோய் என்ற சந்தேகம், இவற்றில் எதுவும் கை வைக்கும் கேஸ் இல்லை. கர்ப்பிணிகளும், கருப்பையில் காப்பர் டி வைத்திருப்பவர்களும் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மலேரியா மாதிரி ஏதாவது வந்து மண்ணீரல் வீங்கியிருக்கும்போது இடது விலாவுக்குக் கீழே யாரையும் அழுத்தவே விடாதீர்கள், அது கிழிந்தால் உள்ளேயே ரத்தம் கொட்டும். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சட்டைக் கை மடங்குவது போலச் செருகிக்கொள்ளும் நோய் ஒன்று இருக்கிறது, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் அதிகம் வரும். குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழும், வாந்தி எடுக்கும், பிறகு சிவப்பு ஜெல்லி மாதிரி மலம் போகும். அதற்கு உடனே ஸ்கேன், உடனே ஆஸ்பத்திரி. அங்கே கிரனோபிள் பட்டமும் வேலைக்கு ஆகாது, குடல் தட்டுகிற கையும் வேலைக்கு ஆகாது, இரண்டிலும் போகிற ஒவ்வொரு மணி நேரமும் குடலுக்கு ரத்தம் போகாத மணி நேரம்.

சித்தி மகளின் குழந்தைக்கு அது எதுவும் இல்லை. டாக்டர் முன்பே பார்த்துவிட்டு, எடை ஏறுகிறது, பால் குடிக்கிறது, இது சாதாரணக் கோலிக் அழுகைதான் என்று சொல்லியிருந்தார். ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போய் மூன்று, நான்கு மாதத்தில் தானாகவே அடங்குகிற அழுகை அது. இவளும் மூன்று முறை ஆஸ்டியோபாத்திடம் போனாள். இடையில் சித்தி விமானத்தில் ஓமம் கொண்டுபோய், தினமும் தண்ணீர் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று அம்மாக்காரியை விரட்டிக்கொண்டிருந்தார். மூன்றரை மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் பாப்பா அழவில்லை, மறுநாளும் அழவில்லை.

இப்போது போனில் பேசினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அந்த விரல்தான் என்கிறாள் அவள். ஓமம்தான் என்கிறார் சித்தி. குழந்தை பின்னால் சிரித்துக்கொண்டிருக்கிறது.